போனை நிறுத்தி வைத்த ஒரு வெள்ளிக்கிழமை

2003 செப்டெம்பர் 19, வெள்ளிக்கிழமை. அன்றைக்கு நைஜீரியாவில் ஏராளமான ஆட்கள் தங்கட கைத்தொலைபேசியை நிறுத்தி வைத்தார்கள். பற்றரி இறங்கினதால இல்லை, கவரேஜ் போனதால இல்லை. வேணுமெண்டே நிறுத்தினார்கள். கோல் கட்டணம் அநியாயம், கதைச்சுக்கொண்டு இருக்கேக்க லைன் அறுந்துபோகுது, போட்ட காசு எங்க போகுதெண்டு தெரியேல்ல, ஒப்பந்த நிபந்தனைகளை நினைத்தபாட்டுக்கு மாத்துறாங்கள். இதெல்லாம் அவர்களுடைய முறைப்பாடுகள். வாசிக்கிற உங்களில் கொஞ்சப் பேர் இப்பவே "இது எங்கட கதையெல்லோ" எண்டு நினைத்திருப்பீங்கள்.

இங்கயும் டேட்டா பக்கேஜ் விலை கூடுகிற நேரமெல்லாம் யாராவது ஒராள் சொல்லுவார்: "எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் ரீலோட் போடாமல் விட்டால் இவங்கள் வழிக்கு வருவாங்கள்." இன்னொராள் சிரிச்சுப்போட்டு, "உதெல்லாம் நடக்கிற காரியமே" எண்டு கேட்பார். பிறகு இரண்டு பேரும் பழையபடி ரீலோட் போடுவார்கள்.

இந்த இரண்டு பேரில் யார் சொல்வது சரி? ஊகத்தை விட்டுவிட்டு வரலாற்றைப் பார்த்தால் பதில் கொஞ்சம் சிக்கலானது. நைஜீரியாவின் அந்த ஒரு நாள் தோற்கவில்லை. ஆனால் அது வென்றது நாங்கள் நினைக்கிற விதத்திலும் இல்லை. அதை விளங்கிக்கொள்ள முதலில் "பகிஷ்கரிப்பு" என்ற ஆயுதம் எங்கிருந்து வந்தது எண்டு பார்ப்பம்.

ஒரு ஆளின் பெயர்

ஆங்கிலத்தில் பகிஷ்கரிப்புக்குச் சொல்லுகிற "பொய்கொற்" என்ற சொல் உண்மையில் ஒரு மனிதரின் குடும்பப் பெயர். சார்ல்ஸ் கன்னிங்ஹாம் பொய்கொற், அயர்லாந்தின் மேயோ பிரதேசத்தில் ஏர்ன் பிரபு என்ற நிலச்சுவாந்தருடைய காணிகளைப் பராமரித்தவர். குத்தகை வாங்குவதும், கட்டாதவர்களை எழுப்புவதும் அவருடைய வேலை. விளைச்சல் மோசமான காலம். 1880 இல் குத்தகையில் 25 வீதம் குறைக்கச் சொல்லிக் குடியானவர்கள் கேட்டார்கள். 10 வீதம்தான் குறைக்கலாம் எண்டு பிரபு சொன்னார். மிச்சத்தைக் கட்டாதவர்களை எழுப்பும் வேலை தொடங்கியது.

அதே நேரத்தில்தான் ஐரிஷ் தலைவர் சார்ல்ஸ் ஸ்ருவேட் பார்னெல் என்னிஸ் நகரத்தில் ஒரு கூட்டத்தில் பேசினார். எழுப்பப்பட்ட குடியானவனின் காணியை இன்னொருவன் போய் எடுத்தால் அவனை என்ன செய்வது எண்டு கேட்டார். கூட்டத்தில் இருந்து சுடச் சொல்லிச் சத்தம் வந்தது. அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, அவனை வீதியில், கடையில், சந்தையில், கோயிலில்கூட ஒதுக்கி வையுங்கள் என்பதுதான் பார்னெலின் பதில். அந்தப் பேச்சு நடந்த திகதி 1880 செப்டெம்பர் 19. நைஜீரியர்கள் போனை நிறுத்தியது சரியாக 123 வருடம் கழித்து, அதே திகதியில். இது தற்செயல்தான், ஆனால் ஞாபகம் வைத்திருக்க வசதியான தற்செயல்.

கொஞ்ச நாளிலேயே மேயோவில் பொய்கொற்றுக்கு அந்த வைத்தியம் நடந்தது. வேலையாட்கள் வயலை விட்டுப் போனார்கள். கடைக்காரர் சாமான் விற்கவில்லை. உடுப்புத் தோய்க்கவும் ஆள் இல்லை. அறுவடைக்கு வடக்கில் இருந்து 50 தொண்டர்களைக் கொண்டுவந்து, அவர்களைப் பாதுகாக்க ஏறத்தாழ ஆயிரம் படையினரையும் பொலிஸாரையும் நிறுத்தவேண்டி வந்தது. பயிரின் பெறுமதியைவிடப் பல மடங்கு செலவு. அந்த வருடம் டிசெம்பர் தொடக்கத்தில் பொய்கொற் அயர்லாந்தை விட்டே போனார். அவருடைய பெயர் மட்டும் போகவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கிராமத்தவர்கள் பொருள் வாங்குவதை நிறுத்தவில்லை. தங்கட உழைப்பையும் உறவையும் நிறுத்தினார்கள். எதிரில் இருந்தது ஒரே ஒரு மனிதர். ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், யார் கட்டுப்பாட்டை மீறினாலும் மறைக்க ஏலாது. இலட்சக்கணக்கான முகம் தெரியாத வாடிக்கையாளர்கள் ஒரு கொம்பனிக்கு எதிராகச் செய்வது வேறு விளையாட்டு. பேர் மட்டும்தான் ஒன்று.

எங்கட பக்கத்துக் கதைகள் இரண்டு

அந்த வேறு விளையாட்டை எங்கட கடலிலேயே ஆடிப் பார்த்திருக்கிறார்கள். வங்கப் பிரிவினைக்கு எதிராக 1905 இல் தொடங்கிய சுதேசி இயக்கம் வெளிநாட்டுச் சாமான்களைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம்பிள்ளைக்கு ஒன்று விளங்கியிருக்கிறது: வெள்ளைக்காரனின் கப்பலில் ஏறாதே எண்டு சொன்னால் மட்டும் போதாது, ஏறுவதற்கு வேறு கப்பல் வேணும். 1906 இல் சுதேசிக் கப்பல் கொம்பனியைப் பதிவு செய்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் கப்பல் விட்டார். அதுவரை அந்தப் பாதையில் ஆதிக்கம் செலுத்திய பிரித்தானியக் கொம்பனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு போகவும், ஏறுகிறவர்களுக்குக் குடை கொடுக்கவும்கூட அது தயாராக இருந்தது எண்டு சொல்லுவார்கள். 1908 இல் வ.உ.சி. கைதானார். 1911 இல் கொம்பனி மூடப்பட்டது. பெரிய கொம்பனிக்குக் கொஞ்சக் காலம் நட்டத்தில் ஓட முடியும், சின்னவனுக்கு முடியாது. போட்டியாளன் செத்த பிறகு விலையை ஏற்றுகிறதுக்கு யாரையும் கேட்கத் தேவையில்லை.

இரண்டாவது கதை யாழ்ப்பாணத்தில். டொனமூர் அரசியலமைப்பு முழு சுயராச்சியம் தரவில்லை என்று சொல்லி, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. யாழ்ப்பாணக் குடாநாட்டையும் தீவுகளையும் சேர்ந்த நான்கு தொகுதிகளில் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. ஒழுங்கு என்ற அளவில் பார்த்தால் அது அபாரமான வெற்றி. ஆனால் தெற்கு அந்த வழியில் வரவில்லை. சபை கூடியது, வேலையைத் தொடங்கியது, அந்த நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாக இருந்தன. அந்த முடிவு சரியா பிழையா எண்டு இன்றைக்கும் விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்தை இங்கே தீர்க்க வரவில்லை. பகிஷ்கரிப்பை முழுமையாக நடத்திக் காட்டுவது ஒரு விஷயம், அதனால் மற்றப் பக்கம் அசைவது இன்னொரு விஷயம். இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்தக் கதை உதவும். இனி நைஜீரியாவுக்குப் போவம்.

ஒரு நிமிஷத்துக்கு 50 நைரா

1999 இல் இராணுவ ஆட்சி முடிந்து ஒலுசெகுன் ஒபசாஞ்சோ ஜனாதிபதியானபோது, நைஜீரியாவில் தொலைபேசி என்பது வசதியானவர்களின் பொருள். 12 கோடி அளவு ஜனத்தொகை. இயங்கிய லைன்கள் 4, 5 இலட்சம்தான். நைற்றெல் என்ற அரச நிறுவனத்திடம் விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2001 ஜனவரியில் ஜி.எஸ்.எம். உரிமங்கள் ஏலத்தில் விடப்பட்டன. ஒன்றின் விலை 28.5 கோடி அமெரிக்க டொலர். தென்னாபிரிக்காவின் எம்.ரி.என், சிம்பாப்வேயில் உருவான ஈகோனெற் ஆகியன வந்தன. அரச நிறுவனமும் தன்னுடைய எம்ரெல்லை நடத்தியது. 2001 ஓகஸ்ட்டில் சேவை தொடங்கியது.

சனம் பாய்ந்து விழுந்து வாங்கியது. ஆரம்பத்தில் ஒரு சிம் 20,000 நைரா அளவில் போனது. அப்போது மத்திய அரசின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 7,500 நைரா. ஒரு சிம்முக்கு இரண்டரை மாதச் சம்பளத்துக்கு மேல் என்று அர்த்தம். கோல் கட்டணம் நிமிஷத்துக்கு 50 நைரா. மாதச் சம்பளம் முழுவதையும் போனில் போட்டால் 150 நிமிஷம் கதைக்கலாம், சாப்பிடாமல்.

ஆத்திரத்தைக் கிளப்பினது விலை மட்டும் இல்லை, கணக்குப் போடுகிற முறை. கட்டணம் செக்கனுக்கு இல்லை, முழு நிமிஷத்துக்கு. ஐந்து செக்கன் கதைத்தாலும் 50 நைரா. 61 செக்கன் கதைத்தால் 100 நைரா. லைன் தானாக அறுந்து திரும்ப எடுத்தால் இன்னொரு 50. அதாவது கொம்பனியின் சேவை எவ்வளவு மோசமோ அவ்வளவு கூட வாடிக்கையாளர் கட்டவேண்டும்! செக்கன் கணக்கில் அறவிடுங்கோ எண்டு கேட்டபோது, அது இப்போதைக்கு ஏலாது என்பதே பதிலாக இருந்தது.

சனம் தன்னுடைய வழிகளைக் கண்டுபிடித்தது. ஒரு றிங் விட்டுக் கட் பண்ணுவதற்கு அங்கே "ஃபிளாஷிங்" எண்டு பேர், எங்கட மிஸ்ட் கோல்தான். வீதியோரத்தில் ஒரு குடை, ஒரு மேசை, ஒரு போன் வைத்து நிமிஷக் கணக்கில் கோல் விற்கிற பெண்கள் ஊரெல்லாம் வந்தார்கள். சொந்தமாகப் போன் வாங்க வழியில்லாதவர்களும் கதைத்தார்கள். எங்கட வீட்டு மூத்தவர்களைக் கேட்டால் அவர்களும் சொல்லுவார்கள், வாற கோலுக்கும் காசு கட்டின காலம் ஒன்று இங்கேயும் இருந்தது என்று.

கொம்பனிகள் பக்கத்துக் கதையையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இது வரலாறாக இருக்காது. நைஜீரியாவில் மின்சாரத்தை நம்ப முடியாது. கோபுரங்களை டீசல் ஜெனரேற்றரில் ஓட்டவேண்டும், அந்த டீசலை லொறியில் அனுப்பவேண்டும், காவலுக்கு ஆள் போடவேண்டும். அரச நிறுவனத்தின் வலையமைப்பு பலவீனம் என்பதால் நகரங்களை இணைக்கும் நுண்ணலைத் தொடரையும் தாங்களே கட்டினார்கள். உரிமத்துக்கும் பெரிய காசு கொடுத்துவிட்டார்கள். செலவு உண்மை. ஆனால் அறுந்த கோலுக்கு முழு நிமிஷக் காசு எடுப்பதற்கு டீசல் விலை ஒரு நியாயம் இல்லை என்பதே வாடிக்கையாளர்களின் பதில்.

அந்த நாள்

நாடளாவிய தொலைத்தொடர்புச் சந்தாதாரர் சங்கமும் நுகர்வோர் உரிமைக் குழுக்களும் நாள் குறித்தன. செய்தி பத்திரிகையிலும் வானொலியிலும் போனது. ஆனால் அதைவிட வேகமாகப் போனது எஸ்.எம்.எஸ்ஸில். போனை நிறுத்தச் சொல்லுகிற செய்தி போன் வழியாகவே, கொம்பனிக்கு எஸ்.எம்.எஸ். காசு கட்டியே பரவியது. இதில் இருக்கிற பகிடியை அவர்களும் கவனித்திருப்பார்கள்.

வெற்றி எண்டு ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். கொம்பனிகள் அதை அவ்வளவு பெரிதாக ஒப்புக்கொள்ளவில்லை. எந்தப் பகிஷ்கரிப்பிலும் இந்த இரண்டு குரலும் கேட்கும். கணக்குப் புத்தகம் கொம்பனியின் கையில் இருப்பதால் வெளியே இருந்து சரிபார்க்கவும் வழியில்லை.

ஆனால் வருமானக் கணக்கைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது. போனை நிறுத்துவது யாருக்குச் சுலபம்? சம்பளக்காரர் ஒரு நாள் நிறுத்தலாம். குடைக்குக் கீழே கோல் விற்கிற பெண் நிறுத்தினால் அன்றைக்கு அவளுக்கு வருமானம் இல்லை. நோயாளியை ஆஸ்பத்திரியில் விட்டிருப்பவர் நிறுத்த மாட்டார். தொலைபேசி மற்றப் பொருட்களைப் போல இல்லை. ஒரு சோடா வேண்டாமெண்டால் இன்னொன்று குடிக்கலாம், குடிக்காமலும் விடலாம். போனை நிறுத்தும்போது நீங்கள் கொம்பனியோடு மட்டும் கோபிக்கவில்லை, உங்களை எடுக்க முயற்சிக்கிற அம்மாவின் லைனையும் சேர்த்து அடைக்கிறீர்கள். அத்தோடு, வெள்ளிக்கிழமை கதைக்காத கதையைச் சனிக்கிழமை கதைப்பார்கள். ஒரு நாள் நிறுத்தம் வருமானத்தை அழிப்பதில்லை, பெரும்பாலும் பிற்போடுகிறது.

அப்படியெண்டால் அந்த நாளுக்கு அர்த்தமே இல்லையா? இருந்தது. அதுவரை ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். 19 ஆம் திகதிக்குப் பிறகு "சந்தாதாரர்" என்ற ஒரு பகுதியினர் நாட்டில் இருக்கிறார்கள் என்பது அரசாங்கத்துக்கும், ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும், அவர்களுக்கே கூடவும் தெரிந்தது. இராணுவ ஆட்சியில் இருந்து அப்போதுதான் வெளியே வந்த நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

விலையை இறக்கியது யார்?

அந்தப் பகிஷ்கரிப்புக்கு மூன்று கிழமைக்கு முன்னம், 2003 ஓகஸ்ட் கடைசியில், மைக் அடெனுகா என்ற நைஜீரியச் செல்வந்தரின் குளோபாகொம் சந்தைக்கு வந்தது. முதல் நாளில் இருந்தே செக்கன் கணக்கில் கட்டணம். "இப்போதைக்கு ஏலாது" எண்டு சொன்ன மற்றக் கொம்பனிகளுக்கும் கொஞ்சக் காலத்துக்குள் அது ஏலுமாகிவிட்டது. தொழில்நுட்பம் தடையாக இருக்கவில்லை, தேவை இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போ விலையை இறக்கியது போட்டி, பகிஷ்கரிப்பு இல்லை எண்டு முடிக்கலாமா? பொருளியல் படிக்கிற நண்பர்கள் பலர் அப்படித்தான் முடிப்பார்கள். நான் அங்கே நிறுத்தமாட்டேன். காரணம் ஒரு புத்தகம், அதுவும் நைஜீரியாவில் இருந்து பிறந்தது.

அல்பேர்ட் ஹேர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1960 களில் நைஜீரிய ரயில்வேயைப் பார்த்துக் குழம்பினார். வடக்கில் விளைகிற நிலக்கடலையை ஏறத்தாழ 800 மைல் தூரத்துத் துறைமுகங்களுக்குக் கொண்டுபோக ரயில்தான் பொருத்தம். ஆனால் வியாபாரிகள் லொறிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். போட்டி வந்தால் சேவை திருந்தும் என்பது பாடப் புத்தகம். ரயில்வே திருந்தவில்லை. ஏனெண்டால், சத்தம் போடக்கூடிய, செல்வாக்குள்ள வாடிக்கையாளர்கள்தான் முதலில் லொறிக்குப் போனார்கள். போனவர்கள் முறைப்பாடு செய்வதில்லை. மிச்சம் இருந்தவர்களின் சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை. நட்டத்தை அரசாங்கம் கட்டியது. இந்த அவதானத்தில் இருந்து வளர்ந்ததுதான் 1970 இல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூல். ஒரு நிறுவனம் கெடும்போது வாடிக்கையாளருக்கு இரண்டு வழி என்கிறார்: விலகிப் போவது, அல்லது குரல் எழுப்புவது. விலகல் மட்டும் இருந்தால் குரல் செத்துப்போகலாம். விலக வழியே இல்லாவிட்டால் குரலை யாரும் மதிக்கமாட்டார்கள்.

இதை 2003 க்குப் போட்டுப் பாருங்கோ. குளோபாகொம் இல்லாமல் அந்த வெள்ளிக்கிழமை நடந்திருந்தால், நிறுத்தியவர்கள் சனிக்கிழமை அதே விலைக்குத் திரும்பியிருப்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை இல்லாமல் குளோபாகொம் மட்டும் வந்திருந்தால், நான்காவது கொம்பனியும் மற்றவர்களைப் போல விலையை வைத்துக்கொண்டு வசதியாக இருந்திருக்கலாம். விலகிப் போக ஒரு கதவு திறந்து மூன்று கிழமையில் குரலும் எழுந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் அழுத்தம் வந்தது என்பது என்னுடைய வாசிப்பு.

தென்னாபிரிக்கா: குரலுக்குக் கணக்கு வந்தபோது

இன்னொரு உதாரணம். 2016 இல் தென்னாபிரிக்க இளைஞர்கள் "டேட்டா மஸ்ற் ஃபோல்", அதாவது டேட்டா விலை இறங்கவேண்டும் என்ற ஹாஷ்ரக்கோடு சமூக ஊடகங்களில் இறங்கினார்கள். பாராளுமன்றக் குழு கொம்பனிகளைக் கூப்பிட்டு விசாரித்தது. 2017 இல் அந்த நாட்டின் போட்டி ஆணைக்குழு முறையான விசாரணை ஒன்றைத் தொடங்கியது. 2019 டிசெம்பரில் இறுதி அறிக்கை வந்தது.

அந்த அறிக்கையின் முக்கியமான கண்டுபிடிப்பு எல்லாருக்கும் விளங்கும். சின்னச் சின்னப் பக்கேஜ் வாங்குகிற ஏழைகள், ஒரேயடியாகப் பெரிய பக்கேஜ் வாங்குகிறவர்களைவிட ஒரு எம்.பி.க்குக் கூடக் காசு கட்டுகிறார்கள். காசு குறைந்தவனுக்கு விலை கூட. இது ஏழைகளுக்கு எதிரான விலை எண்டு ஆணைக்குழு பச்சையாகவே சொன்னது. பெரிய இரண்டு கொம்பனிகளும் 30 தொடக்கம் 50 வீதம் வரை விலையைக் குறைக்கவேண்டும் என்றது. 2020 ஏப்ரலில் வொடாகொம் தன்னுடைய 30 நாள், 1 ஜி.பி. பக்கேஜை 149 ராண்டில் இருந்து 99 ராண்டுக்கு இறக்கியது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பு.

ஹாஷ்ரக் தொடங்கி விலை இறங்க நாலு வருஷம் போல எடுத்திருக்கிறது. நடுவில் நடந்தது சுவாரசியமே இல்லாத வேலை: தரவு சேர்ப்பது, சமர்ப்பணம் எழுதுவது, விசாரணைக்குப் போய்க் குந்துவது. அதுக்கு ஒருவரும் லைக் போடமாட்டார்கள்.

எங்கட கதவுகள்

இப்ப இலங்கைக்கு வருவம். 1989 இல் செல்ரெல் இங்கே கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியபோது தெற்காசியாவிலேயே அது முதலாவது. 2009 இல் எயார்ரெல் வந்ததோடு கொம்பனிகள் ஐந்தாகின. விலைப்போர் நடந்தது. கட்டணங்கள் விழுந்த வேகத்தில் 2010 இல் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதற்குக் கீழே போகக்கூடாது எண்டு விலைக்கு அடிமட்ட எல்லை போடும் அளவுக்கு நிலைமை போனது. எங்களில் பலர் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டில் இரண்டு, மூன்று சிம் கிடந்த காலம் அது.

பிறகு கதவுகள் மூடத் தொடங்கின. 2018 இல் எடிசலாற்றின் இலங்கைச் சேவை ஹட்ச்சோடு சேர்ந்தது. 2024 இல் எயார்ரெல் லங்கா டயலொக்கின் கைக்குப் போனது. ஐந்து, மூன்றாகிவிட்டது. நடுவில் 2022 பொருளாதார நெருக்கடியில், செப்டெம்பரில், தொலைபேசி, இணையக் கட்டணங்களை 20 வீதம் உயர்த்த ஆணைக்குழு அனுமதித்தது. ரூபாய் விழுந்திருந்தது, டீசல் ஏறியிருந்தது, காரணங்கள் இருந்தன. மூன்று கொம்பனியாலும் ஓட முடியவேண்டும் என்பதும் நியாயம்தான். ஆனால் கவரேஜ் ஒன்றுக்கு மட்டும் ஒழுங்காக வருகிற கிராமத்தில் இருப்பவருக்கு மூன்று என்பதும் உண்மையில் ஒன்றுதான். அவருக்கு விலகிப் போக எங்கே இடம்? அதே இலக்கத்தை வைத்துக்கொண்டு கொம்பனி மாறுகிற வசதி நைஜீரியாவுக்கு 2013 இலேயே வந்துவிட்டது. இங்கே அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியே எத்தனையோ வருஷம்.

ஹேர்ஷ்மனின் கணக்குப்படி, விலகுகிற கதவு ஒடுங்க ஒடுங்கக் குரலின் தேவை கூடுகிறது. எங்களிடம் குரல் இல்லாமல் இல்லை. கன்டீன் மேசையில், பஸ்ஸில், ஸ்ரோரியில் நிறையவே இருக்கிறது. அது எழுத்தில் இல்லை, ஒரு இடத்தில் சேரவில்லை, அதுதான் பிரச்சினை. தானாகச் செயற்பட்ட ஒரு சேவைக்கு நாளுக்கு ஐந்து ரூபாய் வெட்டுப்பட்டால் நாங்கள் திட்டிப்போட்டு விடுவம். ஐந்து ரூபாய்க்காக யார் அலையிறது என்பது ஒவ்வொருவருக்கும் நியாயமான கேள்வி. அந்த நியாயமான கேள்வியின் மேல்தான் இலட்சக்கணக்கான ஐந்து ரூபாய்கள் கட்டப்பட்டிருக்கின்றன.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகும். 2025 ஜனவரியில் நைஜீரிய ஆணைக்குழு கட்டணத்தை 50 வீதம் வரை உயர்த்த அனுமதித்தது. தொழிற்சங்க சம்மேளனம் கோபித்தது. பெப்ரவரியில் ஒவ்வொரு நாளும் காலை 11 மணியில் இருந்து பிற்பகல் 2 மணி வரை மூன்று கொம்பனிகளின் சேவையைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. அந்த மூன்றும் யார் தெரியுமா? எம்.ரி.என், எயார்ரெல், குளோ. எயார்ரெல் என்பது 2003 இல் ஈகோனெற்றாக இருந்து பல கை மாறி வந்த அதே கொம்பனி. குளோ என்பது அன்றைக்குச் செக்கன் கணக்கோடு வந்து சனத்தைக் காப்பாற்றின அதே குளோபாகொம். காப்பாற்ற வந்தவனும் இருபது வருஷத்தில் பட்டியலில் ஏறிவிட்டான். நல்ல கொம்பனி, கெட்ட கொம்பனி எண்டு தேடுவதில் பயனில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆகவே, ஒரு நாள் ரீலோட் போடாமல் விடுவம் எண்டு சொல்கிற நண்பரைப் பார்த்துச் சிரிக்கத் தேவையில்லை. ஆனால் அவரிடம் இரண்டு கேள்வி கேட்கவேண்டும். அடுத்த நாள் நாங்கள் எதைக் கேட்கப் போகிறோம்? யாரிடம் கேட்கப் போகிறோம்? நைஜீரியர்களிடம் ஒரு தெளிவான கோரிக்கை இருந்தது: செக்கனுக்குக் காசு எடு. தென்னாபிரிக்கர்களிடம் ஒரு ஆணைக்குழு இருந்தது. எங்களிடம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அதிகாரசபை இருக்கிறது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது.

அந்தக் கடைசிச் சட்டத்தில் இருந்து தொடங்கலாம். எங்கட மாவட்டத்தில் இருந்து கடந்த மூன்று வருஷத்தில் எத்தனை முறைப்பாடுகள் ஆணைக்குழுவுக்குப் போயின, எத்தனை தமிழில் போயின, எத்தனைக்குத் தமிழில் பதில் வந்தது, எத்தனை தீர்ந்தன? ஒரு பக்கக் கடிதம். பதில் வந்தால் கையில் கணக்கு இருக்கும். பதில் வராவிட்டால் மேன்முறையீடு செய்ய வழி இருக்கிறது. ஒரு ஆள் எழுதினால் அது ஒரு கடிதம். ஒரு பட்ச் முழுக்க எழுதினால், ஊரே கதவைத் தட்டுகிற சத்தம் இல்லாவிட்டாலும், ஆணைக்குழுவின் மேசையில் ஒரு கோவை திறக்கவேண்டி வரும். பகிஷ்கரிக்கிற நாளை அதுக்குப் பிறகு குறிப்பம்.